பிளாஸ்க்கில் போன கஷாயம்

சந்தைக்குப் பின்புறத் தெருவில், சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த இரண்டு அறைகளில், முன்னறை புருஷனுடையது, பின்னறை பெண்டாட்டியுடையது. முன்னறையில் மந்திரம், பின்னறையில் மருந்து. நடுவே நரைத்துப்போன ஒரு திரைச்சீலை. ஒருவர் தொழிலில் மற்றவர் தலையிடாததால்தான் அந்தக் குடித்தனம் உடையாமல் ஓடுகிறது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

அவளை எல்லோரும் வடிகட்டியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். எதையும் ஒரு தடவை வடிகட்டினால் அவளுக்குத் திருப்தி வராது. சல்லடையில் ஒரு முறை, பருத்தித் துணியில் இன்னொரு முறை. பக்கத்து வீட்டில் டீ கொடுத்தால்கூட டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். "வடிகட்டின முட்டாளுக்கு வாக்கப்பட்டதால வந்த பேரு" என்று, திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி அவளே சொல்லிக்கொள்வாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செருமல் மட்டும் வரும்.

அவள் முன்பு சோப்புத் தொழிற்சாலையில் வாசனை கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பீப்பாயில் எந்த எண்ணெய் என்று சொல்லிவிடுவாள். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவள் கையில் மிஞ்சியது அந்த மூக்கு ஒன்றுதான். அடுத்த வீட்டுப் பிள்ளையின் இருமலுக்கு இஞ்சியும் மிளகும் அதிமதுரமும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். அது கேட்டது. அப்புறம் சளி, அஜீரணம், மூட்டு வலி என்று ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

புருஷனுக்கு ரயில் நிலையத்தில் வண்டி அறிவிக்கும் வேலை இருந்தது. பதிவு செய்த குரல் வந்ததும் அவர் குரலுக்கு வேலை போயிற்று. சும்மா உட்கார்ந்திருந்தவர், பெண்டாட்டியின் கஷாயத்தை வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுகொண்டார். பாதிப் பேருக்கு நோய் உடம்பில் இல்லை. அவர்களுக்கு ஒரு டம்ளர் மருந்தோடு, கனமான குரலில் நாலு வார்த்தையும் வேண்டியிருந்தது. அப்படித்தான் மந்திரக்காரர் ஆனார். கண்ணை மூடி அவர் முணுமுணுத்தது எல்லாம் ரயில் நிலையங்களின் பெயர்கள். கடைசி நிலையத்தில் தொடங்கிப் பின்னோக்கி வருவார். இது பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும். ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு, கெட்ட கனவு நின்றது, பரீட்சை பயம் போயிற்று என்று ஆட்கள் திரும்பி வந்து சொல்லவும், அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

காரியத்துக்கென்று கேட்கும் கஷாயங்களைக் காய்ச்சுவதும் அவள்தான். பயம் போக, பகை தீர, மனசு ஒட்ட. பானைக்குள் போவது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அதிமதுரம், பட்டை, ஏலக்காய். கெடுதல் செய்யாத, தொண்டைக்கு இதமான சரக்கு. யாரையும் ஏமாற்றவில்லை, ஆறுதலைத்தான் சூடாக்கிக் கொடுக்கிறோம் என்று தன் மனசுக்குச் சொல்லிவைத்திருந்தாள். பெரும்பாலும் மனசு அதைக் கேட்டுக்கொண்டது.

கண்டக்டர் வீட்டுக்காரி வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. புருஷன் அடிப்பதில்லை, குடிப்பதில்லை, வேறு பெண் பக்கம் திரும்புவதும் இல்லை. ஆனால் கொஞ்ச காலமாக வீட்டில் வாய் திறப்பதே இல்லை என்றாள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், படுத்தால் சுவரைப் பார்க்கிறார். கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோன மாதிரி இருந்தது அவள் பேச்சு. மந்திரக்காரர் நிலையங்களைச் சொல்லி முடித்து, தினமும் அவருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். தொழிலுக்கு ஒரு கெத்து வேண்டுமே என்று, கொடுக்கிறவர்கள் வாயில் ஒரு சொட்டு பட்டாலும் பலிக்காது என்று சொந்தச் சரக்கு ஒன்றையும் சேர்த்துவிட்டார்.

கண்டக்டர் வீட்டுக்காரி, தொண்டைக்கு நல்லது என்று சொல்லிப் புருஷனின் பிளாஸ்க்கில் ஊற்றி அனுப்பத் தொடங்கினாள். சில வாரங்கள் கழித்து வந்தபோது முகமே மாறியிருந்தது. பேசுகிறாராம். முதலில் பஸ்ஸில் நடந்த கூத்துகள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும். வடிகட்டியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதிலிருந்து காலையில் வேலைக்குப் போகும் புருஷனுக்கு முன்னால் எழுந்து ஓடிவந்து, சுடச்சுட வாங்கிக்கொண்டு போவாள்.

அப்படி இருக்கும்போது வடிகட்டியம்மாவுக்குச் சளி பிடித்தது. மூக்கு சுத்தமாக அடைத்துவிட்டது. நாக்கில் உப்பும் தெரியவில்லை, சர்க்கரையும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சளி மருந்து காய்ச்சுகிறவளுக்கே இந்தக் கதியா என்று சலவைக்காரர் கிண்டல் செய்தார். தும்மித் தும்மி ஓய்ந்து அவள் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கத் தாமதமாகிவிட, கண்டக்டர் வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றுவிட்டாள். அவசரத்தில் மந்திரக்காரர் முதல் தடவையாகத் திரையைத் தாண்டி வந்து, புதிதாக வந்த மூட்டையைப் பிரித்து, ஒரு கை வேரை அள்ளி உரலில் போட்டு இடித்துக் கொடுத்தார். பட்டைத் தூளோடு கலந்த பிறகு எல்லாம் ஒரே பழுப்பு நிறம். வடிகட்டியம்மா கொதிக்க வைத்தாள், இரண்டு தடவை வடிகட்டினாள், வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். வெந்நீர் மாதிரிதான் இருந்தது. மூக்கடைப்பு என்று நினைத்து ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

வெயில் ஏறிய பிறகுதான் வடிகட்டிய துணியை அலச உட்கார்ந்தாள். சக்கையில் சரியாக இடிபடாத ஒரு துண்டு விரலில் தட்டுப்பட்டது. அதிமதுரம் உள்ளே மஞ்சளாக, நார் நாராக இருக்கும். இது வெள்ளையாக, வழுவழுவென்று இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தாள். மூட்டையைக் கவிழ்த்துத் தரையில் பரப்பினாள். மேலாக இருந்த ஒரு கட்டு வேறு வேர். தோல் வேறு, கணு வேறு. சோப்புத் தொழிற்சாலைத் தோட்டத்தில் வேலி நெடுகப் பூத்து நின்ற அந்தச் செடி நினைவுக்கு வந்தது. அரளி.

துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரையைத் தாண்டினாள். புருஷனிடம் காட்டினாள். அவர் வேரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்.

"வேற யாருக்காவது குடுத்தியா?"

"இல்ல. அவ ஒருத்திக்குத்தான்."

வேர் விற்ற சந்தைக் கடைக்காரரிடம் அவர் ஓடினார், மற்ற மூட்டைகளை நிறுத்த. அந்த வெள்ளைத் துண்டைப் புடவை முனையில் முடிந்துகொண்டு, கண்டக்டர் குடியிருந்த வரிசை வீடுகளை நோக்கி இவள் ஓடினாள்.

அந்த வீட்டில் தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. உள்ளே மாமியார் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மருமகளுக்கும் வடிகட்டியம்மாவுக்கும் என்ன பழக்கம் என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தைக்கக் கொடுத்த துணியில் ஒரு தப்பு நடந்துவிட்டது, அதை இன்றைக்கு யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று வடிகட்டியம்மா மூச்சு வாங்கச் சொன்னாள். மருமகள் ஒரு கணம் புரியாமல் விழித்தாள். பிறகு இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அது அவரோட போயிடுச்சே அம்மா" என்றாள் மெதுவாக.

துணிதானே, அதற்கு ஏன் இப்படி வெளிறிப் போகிறாய் என்று மாமியார் கேட்டது வாசல்வரை பின்தொடர்ந்து வந்தது. அதற்குள் இருவரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

வேலை நேரத்தில் கண்டக்டர் போனை எடுக்கமாட்டார். அடித்துப் பார்த்தார்கள், மணி போய்க்கொண்டே இருந்தது. பஸ் நிலையத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த டைம் கீப்பர், அந்த வண்டி இப்போதுதான் கிளம்பியது, துறைமுகத்து ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நிற்கும், அங்கே போனால் பிடிக்கலாம் என்றார். ஒரு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். இரண்டு பெண்களின் முகத்தையும் கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் சந்துகளில் புகுந்து ஓட்டினார்.

வழியில் கண்டக்டர் வீட்டுக்காரி, மருந்து தன் வேலையைக் காட்டிவிட்டதா, அளவு கூடிவிட்டதா என்று கேட்டாள். அவள் மனசில் இன்னும் அது வசிய மருந்துதான். வடிகட்டியம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தப்பான வேர் விழுந்துவிட்டதைச் சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலே மற்றதையும் சொன்னாள்.

"இத்தனை நாளா நான் குடுத்ததுல ஒண்ணுமே இல்லம்மா. அதிமதுரம், பட்டை, ஏலக்காய். இருமலுக்குக் குடுக்கிறதுதான். அவர் சொன்ன மந்திரமும் மந்திரம் இல்ல. வாயில பட்டாப் பலிக்காதுன்னு சொன்னதும் சும்மா சொன்னது."

"அப்போ நான் ஒரு வாய் குடிச்சுப் பார்த்திருக்கலாமா?"

"பார்த்திருக்கலாம்."

"பார்த்திருந்தா இன்னிக்குக் கசப்பு தெரிஞ்சிருக்கும்."

வடிகட்டியம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டோ ஒரு பாலத்தின் மேல் ஏறி இறங்கியது.

துறைமுகத்து ஸ்டாண்டில் அந்த வண்டி நிழலில் நின்றிருந்தது. கண்டக்டர் பின்படியில் உட்கார்ந்து டிக்கெட் பையைச் சரி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்க் மூடி திறந்து கிடந்தது. காலி. பெண்டாட்டி அதைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். வடிகட்டியம்மாதான் கேட்டாள், குடித்தீர்களா என்று.

யார் இந்த அம்மா, எதற்கு இந்தக் கேள்வி என்று கண்டக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துக் குற்றம் செய்தவர் மாதிரி எழுந்து நின்றார்.

"நீ திட்டாதே. எனக்கு அந்த இனிப்பு ஆகலை. நீ காய்ச்சிக் குடுக்கிறியேன்னு வேண்டாங்கவும் மனசு வரலை. தினமும் டிரைவர் அண்ணன்தான் குடிப்பாரு."

ஒரு மூச்சு விடும் நேரம் அது நல்ல செய்தியாக இருந்தது. அடுத்த மூச்சில் வடிகட்டியம்மா, டிரைவர் எங்கே என்றாள். கண்டக்டர் வண்டிக்குள்ளே கையைக் காட்டினார். நீளமான பின் இருக்கையில், முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பெரிய உடம்பு ஒன்று அசையாமல் கிடந்தது.

அவள் படியில் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. துண்டைப் பிடுங்கி எறிந்து, தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் திறக்கவில்லை. இன்னும் பலமாக உலுக்கினாள். டிரைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, வண்டி எடுக்க நேரமாகிவிட்டதா என்று கேட்டார்.

அவள் அப்படியே இருக்கைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, எவ்வளவு குடித்தீர்கள் என்றாள்.

"எங்க குடிச்சேன்? ஒரு வாய் வெச்சேன், வேப்பெண்ணெய் மாதிரி இருந்துச்சு. துப்பிட்டு மிச்சத்தை அந்தச் சாக்கடையில ஊத்திட்டேன். வீட்ல ஏதோ சண்டைபோல, அதான் இன்னிக்குக் கசக்குதுன்னு இவன்கிட்டகூடச் சொன்னேனே."

கண்டக்டர் ஆமாம் என்றார். அவள் சாக்கடையையும் போய்ப் பார்த்தாள். வண்டிப் புகை படிந்த சிமென்ட் கால்வாய், பழுப்பு ஈரம், பட்டைத் தூளின் வண்டல். அவ்வளவையும் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

இருந்தாலும் விடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்ற டிரைவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முந்தானையிலிருந்த வேர்த் துண்டை அவிழ்த்து டாக்டரம்மாவின் மேஜையில் வைத்து, நடந்ததில் எதையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு டம்ளர் முழுசாக உள்ளே போயிருந்தால் இதயம் என்ன ஆகும் என்பதை நிதானமாகச் சொன்னார். அரளி என்று தெரியாமலே ஒருவர் கையில் கொடுக்கிற இடத்தில் நீங்கள் இருக்கலாமா என்று கேட்டார். இருக்கக்கூடாதுதான் என்றாள் இவள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கலாம் என்று டிரைவரின் மார்பில் ஒயர்களை ஒட்டி, சாயங்காலம்வரை படுக்க வைத்தார்கள்.

வெளித் தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. அங்கேதான் கண்டக்டர் வீட்டுக்காரி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதற்காக அந்தக் கஷாயம் வாங்கினாள் என்பதை, குனிந்து விரல் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். கோபப்படுவார் என்று வடிகட்டியம்மா எழுந்து தள்ளிப் போய் நின்றாள். கண்டக்டர் கோபப்படவில்லை. தன் காக்கிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

அவர் அப்போது சொன்னதில் பாதி ஏற்கெனவே பெண்டாட்டிக்குத் தெரியும். ஒரு நாள் அவர் விசில் ஊதிய பிறகு ஒரு முதியவர் படியில் ஏறப் பார்த்து விழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய நடை திரும்பவில்லை. விசாரணையில் கண்டக்டர் மேல் தப்பில்லை என்று முடிந்தது. அவர் மனசில் முடியவில்லை. வீட்டில் பேச உட்கார்ந்தால் அதுதான் வாயில் வரும் என்று பேச்சையே விட்டுவிட்டார். டிரைவரிடம் மட்டும் ஓயாமல் அதையே பேசிக்கொண்டிருந்தார். பெண்டாட்டிக்குத் தெரியாத பாதி இனிமேல்தான் வந்தது.

"டிரைவர் அண்ணன்தான் ஒரு நாள் பிளாஸ்க்கை மூடிட்டு என்னைப் பிடிபிடின்னு பிடிச்சாரு. விடியறதுக்குள்ள எழுந்து ஒருத்தி உனக்குக் காய்ச்சிக் குடுத்து அனுப்பறா, அதை நான் குடிக்கிறேன், அவகிட்டப் பேச வேண்டியதையும் நான் கேக்கறேன், இது நல்லாவா இருக்குன்னாரு. அன்னிக்குத்தான் உன்கிட்ட வந்து சொன்னேன்."

பெண்டாட்டி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் அழுகை இல்லை.

"அப்போ வசிய மருந்து பூராவும் அவருக்கா போச்சு?" என்றாள்.

கண்டக்டர் சிரித்தார். அதை அவள் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்பது அவள் திரும்பிப் பார்த்த வேகத்தில் தெரிந்தது. உள்ளே போய் டிரைவரிடமும் சொன்னார்கள். அவர் ஒயர்களோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதுதானா சங்கதி, லீவு நாளில்கூட இவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையே என்று நானும் குழம்பிப் போயிருந்தேன் என்று அவர் சொல்ல, இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டியில் கோடு தாறுமாறாக ஓடி, நர்ஸ் வந்து மூன்று பேரையும் திட்டி, இரண்டு பேரை வெளியே அனுப்பினாள்.

சாயங்காலம் டாக்டரம்மா ஒன்றும் இல்லை, போகலாம் என்றபோது மந்திரக்காரர் வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க மண். சந்தைக் கடைக்காரரின் மற்ற மூட்டைகளை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வேராகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். எவனோ தோட்டம் வெட்டிச் சுத்தம் செய்த இடத்தில் இரண்டு கட்டு அரளி வேரும் சரக்கில் சேர்ந்துவிட்டதாம். இன்னொரு கட்டும் கடையிலேயே கிடந்தது, விற்கவில்லை. வீட்டிலிருந்த கட்டையும் எடுத்து, இரண்டையும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருகிறார். கண்டக்டர் வீட்டுக்காரியின் எதிரே போய் நின்று, அறிவிப்புச் செய்த அந்தக் கனமான குரல் எங்கே போயிற்றோ, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, தன்னால்தான் இவ்வளவும் என்றார். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மாமியாரிடம் என்ன துணி, என்ன தப்பு என்று சொல்வது என்பதை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் உடனே ஒரு கதை சொன்னார். பொய் சொல்வதில் அவருக்கு இருந்த கைராசி அன்றைக்கு ஒருத்திக்கு உருப்படியாகப் பயன்பட்டது.

புருஷனும் பெண்டாட்டியும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வழியில் ரொட்டிக் கடையில் நின்று சாப்பிட்டார்கள். காலையிலிருந்து வயிற்றில் எதுவும் விழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இனிமேல் காய்ச்ச வேண்டாம், கடையை மூடிவிடலாம் என்று அவர் ஆரம்பித்தார். அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. விழுங்கிய பிறகு, காய்ச்சுவேன், ஆனால் ஒளிச்சுக் குடுக்கிறது இன்னியோட சரி என்றாள்.

அந்த வாரம் முழுக்க பானை ஏறவில்லை. மூக்கு திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஏலக்காயையும் பட்டையையும் பிரித்துச் சொல்ல முடிந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள். வேரை ஒவ்வொன்றாக ஒடித்து உள்ளே பார்க்காமல் உரலில் போடுவதில்லை. முக்கியமாக, குடிக்கப்போகிறவர் நேரில் வந்து உட்கார்ந்து, என்ன குடிக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் கண் முன்னால் குடிக்க வேண்டும். மாமியாருக்கு, புருஷனுக்கு, முதலாளிக்கு என்று பாட்டிலோடு வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். சிலர் போனவர்கள் போனவர்கள்தான்.

சிலர் திரும்பி வந்தார்கள், சம்பந்தப்பட்ட ஆளையும் இழுத்துக்கொண்டு. முன்னறையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு உட்கார வைத்துவிட்டு, கஷாயம் கொதிக்க நேரமாகும் என்று மந்திரக்காரர் எழுந்து போய்விடுவார். உண்மையில் அது கொதிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பின்னறையில் அவள் தீயைக் குறைத்து வைத்துவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் முதலில் எழும் முணுமுணுப்பையும், பிறகு ஏறும் குரல்களையும், அதற்கப்புறம் வரும் அமைதியையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அது எந்த மாதிரி அமைதி என்று இப்போதெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. அது சரியான அமைதியாக இருந்தால் பானையை இறக்கி, இரண்டு தடவை வடிகட்டி, ஒரு கரண்டி தான் குடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு டம்ளர்களோடு திரையை விலக்குவாள்.